ஆளில்லாத குன்றுகள்

லண்டன் விம்பிள்டனில் ஒரு மதுக்கடையில் படக் கண்காட்சி நடக்கிறது. எல்லாம் வட இத்தாலியக் குன்றுகள். நுரைக்கும் திராட்சை மதுவுக்குப் பேர்போன அந்தச் செங்குத்துச் சரிவுகள் இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். வரிவரியாகக் கொடிகள் இருக்கின்றன. ஒரு படத்திலும் ஆளில்லை.

என்னோடு வந்த சிவம் அண்ணை டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஒரு படத்தின் முன்னால் நின்றுவிடுகிறார்.

"தங்கச்சி, இந்தச் சரிவிலை மெஷின் ஏறாது. லண்டனுக்கு வாறதுக்கு முன்னம் மூண்டு வருசம் நான் இஞ்சைதான் பழம் வெட்டினனான். மழை பெய்தால் கால் நிக்காது. பெட்டியோடை உருண்டிருக்கிறன்."

கடைப் பெண்ணிடம் அதை ஆங்கிலத்தில் சொல்கிறேன். "இல்லையே, அங்கே பரம்பரைக் குடும்பங்கள்தான் எல்லா வேலையும் செய்கின்றன" என்று சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணை பார்வையாளர் புத்தகத்தில் தமிழில் எழுதுகிறார்: 'இந்தக் குன்றில் நான் மூன்று அறுவடைக்குப் பழம் வெட்டினேன். சிவலிங்கம்.'

"எவ்வளவு அழகான எழுத்து!" என்கிறார் அந்தப் பெண். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

பேனாவைப் பிடுங்கி, அதன் கீழேயே அதை ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதிப் புத்தகத்தை அந்தப் பெண் பக்கம் திருப்புகிறேன். அவர் வாசித்து முடிக்கும்வரை நாங்கள் நகர்வதாக இல்லை.