ஹில்டாவின் பெயரில் ஒரு தீர்மானம்

அரசம்பேட்டில் ஹில்டா என்று கேட்டால் முதலில் யோசிப்பார்கள். ‘டேப்பு ஹில்டா’ என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் முடித்துவிட்டு, பூந்தமல்லியில் ஒரு சர்வேயரிடம் மனைப் படம் போடும் வேலைக்குச் சேர்ந்தவள். கைப்பையில் எப்போதும் ஒரு முப்பது மீட்டர் டேப் இருக்கும். காலனியில் யார் சுவர் எழுப்பினாலும், கக்கூஸ் கட்டினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அளந்து கொடுத்துவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் வந்துவிடுவாள்.

அப்பா பால்ராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டினார். அம்மா ஞானசௌந்தரி தையல் மிஷினோடு வீட்டிலேயே இருந்தாள். நெமிலிச்சேரியில் ரயில் ஏறி, ஆவடியில் இறங்கி, பஸ் மாறி வேலைக்குப் போகிற ஹில்டாவுக்கு ஊரில் பிடித்த இடம் ஒன்றே ஒன்று. அது மாதா கோவிலின் பின்கட்டில் இருந்த இளைஞர் மன்றம். கோவிலின் இடம் என்றாலும், மன்றத்தில் பாதிப்பேர் ஏரிக்கரைத் தெரு இந்துப் பையன்கள். அவர்களில் வேம்புலி அவளுக்கு நல்ல சினேகிதன். அவனுடைய அப்பா ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். வேம்புலி எஸ்டேட்டில் லேத் ஓட்டினான். வயல்கள் மனைகளாகிவிட்டாலும் ஏரியைப் பற்றிப் பேசினால் அவனுக்குக் குரல் மாறும்.

1996இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மன்றத்தில் மூத்தவன் நாகேந்திரன், முப்பத்தொரு வயது, ஃபிட்டர். ஊராட்சித் தலைவருக்கு நிற்கிறேன் என்றான். அதுவரை தலைவர் என்றால் லாரி வைத்திருப்பவர்கள், செங்கல் சூளை வைத்திருப்பவர்கள். சைக்கிளில் ஷிப்டுக்குப் போகிற ஒருவன் நிற்கிறான் என்றதும் மன்றமே எழுந்து நின்றது. பின்கட்டில் நாகேந்திரன் பேசியது ஹில்டாவுக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“நான் தலைவரா வந்தேன்னா உங்களக் கேக்காம ஒரு கல்லக்கூட நகத்த மாட்டேன். இருவது வருசம் கழிச்சு இந்த ஊர்ல இருக்கப்போறது நீங்கதான். அப்ப முடிவு எடுக்கவேண்டியதும் நீங்கதான். கிராமசபைன்னு சட்டத்திலயே கீது. யாராவது போறோமா?”

யாரும் போனதில்லை. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அந்த மாதம் முழுக்க வேலை முடிந்து வந்து வீடு வீடாக ஏறினார்கள். ஹில்டா சுவரில் சின்னம் வரைந்து கொடுத்தாள். நாகேந்திரன் அறுபத்து மூன்று ஓட்டில் ஜெயித்தான். வேம்புலி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைத் தெருவைச் சுற்றினான்.

முதல் வருடம் குறை சொல்ல முடியாது. அரசாங்கத்திலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் நாகேந்திரன் அதை மன்றத்துக்கு எடுத்து வந்து படித்துக் காட்டுவான். தெருவிளக்கு எங்கே போடுவது என்பதைக்கூடக் கை தூக்கச் சொல்லி முடிவு செய்தான். இருபத்திரண்டு வயது ஹில்டா தன்னுடைய கை கணக்கில் சேர்ந்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். வீட்டில்கூட அவளைக் கேட்டு எதையும் முடிவு செய்தது கிடையாது.

அடுத்த வருடம் கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாக வரத் தொடங்கியது. வார்ப்படக் கம்பெனிகளில் அச்சுக்குப் பயன்படுத்திக் கழித்த கருப்பு மணலை யாரோ ஏரியின் மேற்கு ஓரத்தில் இரண்டு மூன்று லோடு கொட்டியிருந்தார்கள். நாகேந்திரன் அவளைக் கூப்பிட்டு, “ஏரிக்குன்னு ஒரு குழு போடலாம். நீதான் செயலாளர். ஏரிய அளந்து ஒரு திட்டம் எழுதிக் குடு. கலெக்டர் ஆபீசுல சும்மா மனு குடுத்தா மதிக்க மாட்டான். அளவோட குடுக்கணும்” என்றான்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். பூசை முடிந்ததும் சேலையை மாற்றி, அப்பாவின் பழைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு ஹில்டா கருவேலங்காட்டுக்குள் இறங்கினாள். வேம்புலி அளவுக் கொம்பு பிடித்தான். மற்றவர்கள் முள்ளை வெட்டி வழிவிட்டார்கள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயை அவர்கள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நானூற்று முப்பது மீட்டர் தூரம் அது தூர்ந்துபோய்த் தரையோடு தரையாகக் கிடந்தது. எழுபது கிணறுகளில் கயிறு விட்டு ஆழம் பார்த்தார்கள். சர்வேயர் ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஹில்டா படம் வரைந்தாள். பதினான்கு பக்கம் எழுதினாள். கால்வாயைத் தூர்வார வேண்டும், உபரி நீர் வழியும் கலங்கலைச் சரிசெய்ய வேண்டும், மேற்கு ஓரத்தில் கொட்டிய மணலை எடுக்க வேண்டும், மீன் குத்தகையை ஊர் இளைஞர்களுக்கே கொடுத்து அந்த வருமானத்தில் கரையைப் பராமரிக்க வேண்டும். மேலே ‘அரசம்பேடு ஏரி: அடுத்த இருபது ஆண்டுகள்’ என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

1998 குடியரசு தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் கிராமசபை. அப்படி ஒரு கூட்டத்தை ஊர் பார்த்ததில்லை. முதலில் வருகை நோட்டு வந்தது. ஹில்டா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அவளே நோட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போய், கூச்சப்பட்டவர்களிடமும் பேனாவைக் கொடுத்து வாங்கினாள். நூற்றுப் பன்னிரண்டு பேர், அதில் பெரும்பாலும் முப்பது வயதுக்குள். பதினான்கு பக்கத்தையும் படித்தாள். கைதட்டினார்கள். நாகேந்திரன் மைக்கைப் பிடித்து, “இதுதான் நம்ம திட்டம்” என்றான்.

“தீர்மானத்த இப்பவே எழுதிடலாமாண்ணா?” என்று ஹில்டா கேட்டாள்.

“கிளார்க் அப்புறமா எழுதிக்குவாரும்மா. பாவம், எல்லாரும் வெயில்ல ஒக்காந்துகினு கீறாங்க. டீ குடிக்கட்டும்.”

அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

மே மாதம் லாரிகள் வந்தன. ஒன்று இரண்டல்ல, காலையிலிருந்து வரிசையாக. எல்லாவற்றிலும் கருப்பு மணல். வேம்புலியும் நாலைந்து பேரும் குறுக்கே போய் நின்றார்கள். முதல் லாரிக்காரன் இறங்கி, கோபப்படாமல், ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை நீட்டினான்.

“ஊரே கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு இப்ப வந்து மறிச்சா இன்னா அர்த்தம் அண்ணாத்தே?”

ஹில்டாவிடம் அதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. பொய்க் காகிதம் என்றாள். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குக் குறைதீர் நாளில் போனாள். இரண்டு மணி நேரம் நின்ற பிறகு ஒரு பிரிவு எழுத்தர் ஃபைலைத் தேடி எடுத்துப் பிரித்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள் வரைந்த படம் இருந்தது. அவள் எழுதிய பக்கங்களில் இரண்டு மட்டும் இருந்தன. அதன்மேல் தீர்மானம்: ‘ஏரிக்குழுச் செயலாளர் செல்வி ஹில்டா அளந்து அளித்த அறிக்கையின்படி, வரத்துக்கால்வாய் 430 மீட்டர் தூர்ந்து, ஏரியின் மேற்குப் பகுதி நீர்ப்பிடிப்பை இழந்துவிட்டபடியால், அப்பகுதி பதினோரு ஏக்கரை மேடாக்கி விளையாட்டுத் திடல் அமைத்துத் தருமாறு இளைஞர்கள் விடுத்த கோரிக்கையைக் கிராமசபை ஒருமனதாக ஏற்கிறது.’ அதற்குக் கீழே அன்று வருகை நோட்டில் வாங்கிய கையெழுத்துகள். முதல் கையெழுத்து அவளுடையது.

“இது நீங்கதானேம்மா?” என்று எழுத்தர் கேட்டார்.

“நான்தான் சார்.”

“அப்ப எதுக்கு இப்ப மனு?”

அவள் அந்த இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தாள். ‘தூர்ந்துவிட்டது, அதனால் தூர்வாருங்கள்’ என்று எழுதியிருந்தாள். முதல் பாதி மட்டும் அங்கே இருந்தது. அளவில் ஒரு மீட்டர்கூடத் தப்பில்லை. பொய் என்று எதைக் காட்டுவது? வெளியே வந்து, மரத்தடியில் மனு எழுதுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மனுவை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினாள்.

நேராக ஊராட்சி ஆபீசுக்குப் போனாள். நாகேந்திரன் இருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே எங்கே போய் வந்தாள் என்று புரிந்திருக்க வேண்டும். நாற்காலியைக் காட்டினான். அவள் உட்காரவில்லை.

“என் பேர எதுக்குண்ணா போட்டீங்க?”

“ஒக்காரு ஹில்டா, சொல்றேன். மணல் கொட்டுற கம்பெனிக்காரங்க ஊருக்குப் பெரிய டேங்க் கட்டித் தர்றேன்னு சொல்லிகீறாங்க. ஆழ்துளைக் கிணறு, தெருவுக்குத் தெரு கொழாய். எவ்ளோ நாளைக்கு நம்ம பொம்பளைங்க மஞ்சத் தண்ணியத் தூக்கிகினு நடப்பாங்க? ஏரிய ரொப்பல. ஒரு மூலயத்தான்.”

“அத கூட்டத்துல சொல்லியிருக்கலாமே? கை தூக்கச் சொல்லியிருக்கலாமே?”

“தூக்கியிருப்பீங்களா?”

“மாட்டோம்.”

“அதான்.”

அவன் குரலில் கேலி இல்லை. கஷ்டமான ஒன்றை விளக்குகிறவன் மாதிரி பேசினான். “வெறுமனே ஊராட்சித் தீர்மானம்னா திருப்பி அனுப்பிடுவான். படம் இருக்குது, அளவு இருக்குது, நூறு பசங்க கையெழுத்து இருக்குது. அதப் பாத்துதான் கலெக்டர் ஆபீசுல கையெழுத்தாச்சு. உன் வேலை சுத்தமா இருந்துச்சும்மா.”

அவன் பாராட்டியதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. ஆறு ஞாயிறு முள்ளில் கிழிந்தது இந்த ஃபைலுக்காகத்தானா? அவன் குழு போடச் சொன்ன அன்றே இதை நினைத்திருந்தானா, நடுவில்தான் மாறினானா? அதைக் கேட்க நினைத்துக் கேட்காமலேயே வந்துவிட்டாள். எந்தப் பதிலைச் சொன்னாலும் நம்ப முடியாது என்று தோன்றியது.

அதற்குள் ஜெராக்ஸ் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. தீர்மானத்தில் நாகேந்திரன் பெயர் எங்கோ கீழே இருந்தது. ஹில்டா பெயர்தான் முதல் வரியில். மறுநாள் கிணற்றடியில் பக்கத்துத் தெரு முனியம்மா, அவள் காதில் விழும்படி, “படிச்ச பொண்ணு, எவ்ளோ வாங்குச்சோ” என்றாள். ஹில்டா மன்றத்துக்குப் போனாள். பேச்சு நின்றது. வேம்புலி கேரம் போர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தபோது எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அப்பா மட்டும், “விட்டுடும்மா. வேலைய பாரு” என்றார். அவள் விடவில்லை. ‘இப்படியொரு தீர்மானம் எங்களுக்குப் படித்துக் காட்டப்படவில்லை’ என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு அந்த நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் ஏறி இறங்கினாள். இரண்டு வருடம் முன்பு ஓட்டுக் கேட்டுப் போன அதே வாசல்கள். “கையெழுத்தா? ஒருவாட்டி போட்டதே போதும்” என்றார்கள். சிலர் கதவைத் திறக்கவே இல்லை. கிறிஸ்துராஜ் என்ற கல்லூரி மாணவன், “இனிமே எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாருக்கா” என்று தலையைக் குனிந்துகொண்டான். நாற்பத்தொரு பேர்தான் போட்டார்கள். வேம்புலி வீட்டில் அவனுடைய அம்மா தாயம்மா வாசலுக்கு வந்து அவன் இல்லை என்றாள். உள்ளே அவன் இருமியது கேட்டது.

சுதந்திர தின கிராமசபைக்கு அவள் அந்தத் தாளோடு போனாள். மைதானத்தில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். மன்றத்துப் பையன் ஒருவன்கூட இல்லை. நோட்டு வந்தபோது, “முதல்ல தீர்மானத்த எழுதிப் படிங்க, அப்புறம் போடுறேன்” என்றாள். கிளார்க் நாகேந்திரனைப் பார்த்தார். நாகேந்திரன், “அவங்க இஷ்டம், அடுத்தவங்களுக்குக் குடுங்க” என்றான். நோட்டு அவளைத் தாண்டிப் போனது. அந்தத் தாளையும் தன் பதினான்கு பக்கத்தின் நகலையும் அவள் கலெக்டர் ஆபீசில் கொடுத்தாள்.

நாற்பத்தொரு கையெழுத்து வீணாகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நவம்பரில் வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீசிலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். அவளை வைத்துக்கொண்டே அளந்தார்கள். எட்டு ஏக்கர் ஏற்கெனவே மேடாகியிருந்தது. மீதி மூன்று ஏக்கரில் கொட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. கொட்டியதை எடுக்கச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. நாகேந்திரன் மேல் ஒரு நடவடிக்கையும் இல்லை. கால்வாய் தூர்ந்தபடியே கிடந்தது. கருப்பு மேட்டில் கொஞ்ச நாள் கிரிக்கெட் ஆடினார்கள். காலெல்லாம் கரியானதால் அதையும் விட்டுவிட்டார்கள்.

சொன்னபடி டேங்க் வந்தது. குழாயில் தெளிந்த தண்ணீர். ஞானசௌந்தரி முதல் குடத்தைக் கொண்டுவந்து வைத்தபோது ஹில்டா ஒரு நாள் முழுக்கக் குடிக்கவில்லை. மறுநாள் குடித்தாள். வேறு தண்ணீர் இல்லை.

மன்றம் கலைந்தது. பின்கட்டில் ஹில்டாவின் தோழி ஞானகுமாரி டியூஷன் எடுத்தாள். ஹில்டாவின் வேலை நேரம் கூடியதால் குமணன்சாவடியில் மாமா வீட்டில் தங்கி, ஞாயிறு மட்டும் ஊருக்கு வந்தாள். ஒருநாள் சாயங்காலம் குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் வேம்புலி எதிரே வந்து நின்றான். கையில் டிபன் பை. இங்கே ஒரு கம்பெனிக்கு மாறிவிட்டானாம்.

“அந்த விசாரணை காகிதத்த எனக்குக் காட்டுனாங்க” என்றான். “நீ எழுதினது முழுசும் அதுல கீது. கால்வாய தூர்வாரணும்னு எழுதிருக்க. நீயே அத மாத்திக் குடுத்துட்டன்னு நெனச்சிகினு இருந்தேன் ஹில்டா.”

“கொம்பு பிடிச்சது யாரு?”

அவன் டிபன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

“அந்த அண்ணன் ஏமாத்துனாரு. அவருக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அத மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. நீ ஒரு வார்த்த என்னாண்ட வந்து கேட்டிருக்கலாம். முள்ளுக்குள்ள என்கூட நின்னவன் நீ.”

“தப்புதான். மன்னிச்சுடு.”

“சரி” என்றாள். அவனைத் தேற்றுவதற்காக வேறெதையாவது சொல்லத் தோன்றியது. பூந்தமல்லி பஸ் வந்தது. அவள் போக வேண்டிய பக்கம் அதுவல்ல. ஆனாலும் ஏறிவிட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மாமா வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.