கடல் போன துறைமுகம்

எங்கள் பங்குக் கோயில் யாத்திரையை ஒழுங்கு செய்த அங்கிளை எனக்கு இன்றைக்கும் கண்ணில் காட்டக் கூடாது. சிட்னியில், பென்டில் ஹில் கடையில் எதிர்ப்பட்டால் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் திரும்பி நடந்துவிடுவேன்.

அம்மா துருக்கிக்கு வந்தது ஒரேயொரு காரியத்துக்காக. எனக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று, பிள்ளை தப்பினால் எபேசு மலையில் மாதா வாழ்ந்த வீட்டில் மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்த்தி வைத்திருந்தார். நான் தப்பினேன். மன்னார் மனுசி; நேர்த்தி என்றால் நேர்த்திதான்.

அங்கிளோ முதலில் எபேசு நகர இடிபாடுகள் என்றார். மாதா வீட்டை மாலையில் பூட்டிவிடுவார்கள் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டேயிருந்தான். அவர் காதில் ஏறினால்தானே! பழைய அரங்கின் படிகளில் எங்கள் பங்கின் பதாகையைப் பிடித்துக்கொண்டு குழுப்படம். வெயில் கண்ணில் அடிக்கிறது, மறுபடியும் எடு. பிறகு, "திருத்தூதர் கப்பலால இறங்கின துறைமுகத்தைப் பார்க்காமப் போறதோ?" என்று பளிங்குக் கல் பாவிய தெருவால் எல்லோரையும் நடத்தினார்.

தெரு முடிவில் என்ன இருந்தது? நாணல். சேறு. கொசு. ஆற்று மண்ணில் துறைமுகம் தூர்ந்து, கடல் எங்கோ தள்ளிப் போய்விட்டது. கடலே கைகழுவின இடத்தில் எங்களுக்கென்ன வேலை? முழங்கால் நோவோடு அம்மா ஒரு கல்லில் குந்தியிருந்தார்.

"அங்கிள், அம்மாவுக்கு நேர்த்தி இருக்குது. வெளிக்கிடுவமே?"

"ஓம் ஓம், இன்னும் ஒரு படம்."

மலைக்குப் போனபோது வாசல் பூட்டியிருந்தது. வெளியில் கொளுத்தவும் காவலாளி விடவில்லை. காய்ந்த காடு, நெருப்புக் கூடாதாம். மறுநாள் விடிய எங்களுக்கு விமானம். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றி எரிந்தது. பெரியவர், கஷ்டப்பட்டு ஒழுங்கு செய்தவர் என்று எல்லோருமாக என் வாயை அடைத்தார்கள்.

சிட்னிக்குத் திரும்பியதும் மெரிலேண்ட்ஸ் மண்டபமொன்றில் அங்கிள் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். நாணலுக்குக் கைதட்டல் வேறு! புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க அடுத்த கிழமை எனக்கு ஸ்கேன். அம்மா நித்திரையில்லாமல் திரிந்த நாட்கள் அவை. சனத்துக்கு நடுவே எழுந்து நின்றார்.

"தம்பி, என்ர நேர்த்தி அப்பிடியே நிக்குது. பிள்ளைக்குத் திரும்ப வருத்தம் வந்தா நான் என்ன செய்யிறது?"

அங்கிள் சிரித்தார். "அன்ரி, மாதா எல்லா இடமும் இருக்கிறா. இஞ்ச கோயிலிலயே கொளுத்துங்கோவன்."

"அப்ப என்னை ஏன் அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போனனீர்?"

அங்கிள் அடுத்த படத்தைப் போட்டார்.