ஆமென் வராத விருந்து

இன்னிக்கு மத்தியானம் எங்க மந்தைவெளி வீட்டுக்கு, எங்க வீட்டுக்காரரோட வேலை பாக்கற வாத்தியார் ஒருத்தர் டிராம் ஏறிச் சாப்பிட வந்தார்.

"மேசியா இயேசு தேவனேதான், வசனம் இருக்கு"ன்னார் இவர், எங்க வீட்டுக்காரர்.

"பெரிய தீர்க்கதரிசி, அவ்வளவுதான். தேவன்னு எங்கே இருக்கு, காட்டும்"னார் அவர்.

ரெண்டு மகா பண்டிதர்களும் கத்தின கத்துல தெருவே எட்டிப் பார்த்துச்சு.

இலை போட்டேன். இவர் "இயேசு தேவனே"ன்னு ஜெபத்தை ஆரம்பிச்சார். அவர் கண்ணையே மூடல. சரின்னு அவர் "பிதாவே"ன்னு ஆரம்பிச்சார். "குமாரன் பேரே இல்லாம என் வீட்டுல அரை ஜெபமா?"ன்னு இவர் எந்திரிச்சிட்டார்.

ஆமென் வர்ற வரைக்கும் பூனை காத்திருக்குமா? வறுத்த வஞ்சிரம் மொத்தமும் போச்சு.

இப்ப ரெண்டு பேரும் ஒரே குரல்ல ஊறுகாய் கேக்கறாங்க. ஊறுகாய் எந்த அதிகாரத்துல, எத்தனாவது வசனத்துல இருக்குன்னு கேட்டிருக்கேன். தெரிஞ்சவங்க சொல்லிக் குடுங்க, பாவம், பசியில இருக்காங்க.