எண்ணிக்கை மாறவில்லை

ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில் ஒரு திரை உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் உறவினரை அழைக்கும்போது நோயாளியின் எண் அதில் தோன்றும். அந்தத் திரையை வேலை செய்ய வைத்தவன் என் தம்பி. நான் எட்டாம் வகுப்போடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்தவள்; அவனைப் படிக்க வைத்தது அந்த மிஷின். பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா?

"என் தம்பி செஞ்சதுங்க. தப்பாது."

"அப்போ என் நம்பரைக் கொஞ்சம் முன்னாடி தள்ளச் சொல்லுங்கம்மா."

தம்பி முன்பே விளக்கியிருந்தான்.

"அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை 'ஏதாவது மாறிச்சா?'ன்னு திரை சர்வரைக் கேக்கும்க்கா. ஒவ்வொரு தடவையும் கூப்பிடுற நம்பர் பட்டியலை முழுசா வாங்கினா சர்வர் திணறுது. அதனால எத்தனை பேர்னு மட்டும் கேக்கும். எண்ணிக்கை மாறினாத்தான் பட்டியலை வாங்கும்."

"சின்ன வயசுல சோறு ஆச்சான்னு மூடியை மட்டும் தூக்கிப் பார்த்துட்டு ஓடுவியே, அப்படியாடா?"

"அதேதான்!"

எனக்கு ஒன்று உறுத்தியது. பொத்தான் பன்னிரண்டு என்று எண்ணிவிட்டு நான் நிறுத்த மாட்டேன். எந்தப் பொத்தான் என்றும் பார்ப்பேன். படித்தவனுக்குத் தெரியாததா என்று கேட்காமல் விட்டேன்.

அம்மாவின் எண் நாற்பத்தேழு. அன்று மதியம் திரையில் வேறு மூன்று எண்கள் இருந்தன. கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே மூன்று. நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"நாற்பத்தேழு கூட யாரும்மா? இருபது நிமிஷமா நம்பர் போட்டிருக்கோம்! அவங்க வாசலையே பார்த்துட்டு இருந்தாங்க."

உள்ளே போனேன். அம்மாவின் கையில் இன்னும் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

அலுவலகத்திலிருந்து ஓடிவந்த தம்பி, மடிக்கணினியைத் திறந்து பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான்.

"ஒரு நம்பரை எடுத்த கையோட, அந்த அஞ்சு செகண்டுக்குள்ளயே அம்மா நம்பரைப் போட்டிருக்காங்கக்கா. அப்பவும் மூணு, இப்பவும் மூணு. மாறலைன்னு விட்டுடுச்சு."

மறுநாள் திருத்தினான். இப்போது திரை, பட்டியல் கடைசியாக மாறிய நேரத்தைக் கேட்கிறது. புரோகிராமில் மாற்றியது ஒரே வரிதானாம்.

வீட்டில் எல்லோர் முன்னாலும் சித்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அங்கேயே உக்காந்திருந்தும் எப்படிடி கோட்டை விட்டே?"

தம்பி வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"கண் அசந்துட்டேன் சித்தி."

"பெத்தவ சாகும்போது தூக்கமா உனக்கு?"

நாலு மாதமாகச் சித்தி என்னோடு பேசவில்லை. அவன் வேலைக்குப் போய் வருகிறான்.