நீலக்கட்டத்துப் புத்தகம்

தையல் டீச்சர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எந்தக் கதைக்கு அழுதிய?" என்பதுதான். தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள ஆசிரியையாக நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, மதியச் சாப்பாட்டு நேரம். கழுத்தில் அளவு நாடாவும் ரவிக்கையில் குத்திய இரண்டு ஊசிகளுமாக எதிரே வந்து உட்கார்ந்தவர், என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, புருஷனுக்கு என்ன வேலை என்றும் கேட்கவில்லை. நான் திகைத்துப்போய் ஒரு நாவலின் பெயரைச் சொன்னேன். "எந்த எடத்துல?" என்றார். இடத்தையும் சொன்னேன். "அங்கனயா! நான் அதுக்கு ரெண்டு அத்தியாயம் முந்தியே அழுதாச்சு" என்று சொல்லிவிட்டு, தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாயை என் சோற்றில் வைத்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு அவர் அக்கா ஆகிவிட்டார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நூலகத்துக்குப் போய் ஆண்களோடு மேசையில் உட்கார்ந்து படிக்கிற துணிச்சல் எங்களில் ஒருத்திக்கும் இல்லை. ஆசிரியைகள் ஏழு பேரும் சேர்ந்து ஒரே ஒரு வாரப் பத்திரிகை வாங்கினோம். திருநெல்வேலி பஸ்ஸில் அது வந்து இறங்கும் நாளில் கரும்பலகையில் என்ன எழுதினோம் என்பது எங்களுக்கே நினைவிருக்காது. ஏழு பேரும் படித்து முடித்த பிறகு தொடர்கதைப் பக்கங்களை மட்டும் அக்கா கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்வார். கதை முடிந்ததும் எல்லாவற்றையும் அடுக்கி, கெட்டி அட்டை வைத்து, தையல் வகுப்பில் மிஞ்சிய பாவாடைத் துணியிலும் ரவிக்கைத் துணியிலும் உறை போட்டுத் தைத்துவிடுவார். அதனால் எங்கள் புத்தகங்களுக்கு எழுத்தாளர் வைத்த பெயர் நிலைக்கவில்லை. "மஞ்சப்பூ யார்ட்ட இருக்கு?", "காவிக்கோடு படிச்சு முடிச்சிட்டியளா?" என்றுதான் பேச்சு. யார் எழுதியது, எதைப் பற்றியது என்பதெல்லாம் துணியைச் சொன்னாலே எங்களுக்குத் தெரியும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. படித்து முடித்தவள் பின்னட்டைத் துணியின் ஓரத்தில் ஒரு தையல் போட வேண்டும். அழுதிருந்தால் சிவப்பு நூல். மனசுக்கு நிறைவாக இருந்திருந்தால் பச்சை. இந்தக் கதைக்கா இத்தனை வாரம் காத்துக் கிடந்தோம் என்று தோன்றினால் கறுப்பு. புதிதாகப் புத்தகத்தை எடுப்பவள் முதல் பக்கத்தைப் பார்க்க மாட்டாள், பின்னட்டையைத்தான் திருப்பிப் பார்ப்பாள். ஒரு வரி விமரிசனம் எழுதாமலேயே நாங்கள் பல எழுத்தாளர்களைத் தூக்கி வைத்தோம், சிலரைக் கவிழ்க்கவும் செய்தோம்.

ஆனால் யாருக்கு எதைக் கொடுப்பது என்பது அக்காவின் பொறுப்பு. நல்ல புத்தகம் என்று அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. "ஒனக்கு இது அளவா இருக்கும்" என்பார். கணக்கு டீச்சருக்கு மாமியார் தோற்கிற கதை. கண்டிப்புக்குப் பேர்போன தலைமை ஆசிரியைக்கு, வெளியே தெரியாமல், துப்பறியும் கதை. புத்தகத்தின் மேல் அவருக்கு இருந்தது பக்தி என்றே சொல்ல வேண்டும். ஒருமுறை நான் அடையாளத்துக்காகப் பக்கத்தின் நுனியை மடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு துண்டு நாடாவைக் கொண்டுவந்து, "இத வைக்கத் தெரியாதா?" என்று என் மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

நீலக்கட்டம் நான் வேலைக்கு வருவதற்கு முன்பே வெளிவந்து முடிந்த தொடர். நீலக் கட்டம் போட்ட ரவிக்கைத் துணியில் தைத்தது. தையல் அறை அலமாரியிலேயே அதற்குத்தான் மதிப்பு அதிகம், பின்னட்டை ஓரம் முழுக்கச் சிவப்பு. நான் எத்தனை தடவை கேட்டும் அக்கா கொடுக்கவில்லை. "இப்ப ஒனக்கு அளவு சரியா வராது. பொறவு பாப்போம்" என்று வேறொன்றைக் கையில் திணிப்பார். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த வருடங்களில் எனக்கு இரண்டு முறை கரு நின்று, இரண்டும் தங்கவில்லை. இரண்டு முறையும் ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தவர் அக்காதான். மூன்றாவது முறை ஏழாம் மாதம் வரை வந்ததும், டாக்டரம்மா என்னைக் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். நாள் முழுவதும் மேலே ஓட்டுக்கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருத்திக்குப் புத்தகத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது? பள்ளி விட்டதும் அக்கா ஒன்று கொண்டுவருவார். ஒரு நாள் கூடவே வந்த கணக்கு டீச்சர் என்னைப் பார்த்து, "நீலக்கட்டத்துலயும் அவ இப்படித்தான் முழுகாம இருக்கும்போது படுத்துக் கெடப்பா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அக்கா அவரை ஒரு முறை முறைத்தார்.

நான் விடுவேனா? "அக்கா, எனக்கு நீலக்கட்டம்தான் வேணும். ஏன் தரமாட்டேங்குதிய? அதுல அவளுக்கு ஏதும் ஆயிருமா?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஒண்ணும் ஆவாதுட்டி. நாளைக்குக் கொண்டாரேன்" என்றார்.

கொண்டுவர நாலு நாள் ஆனது. தையல் விட்டுப்போயிருந்ததாகவும் பிரித்துத் திரும்பத் தைத்ததாகவும் சொன்னார். இரண்டே நாளில் படித்து முடித்தேன். பிரிந்துபோன கணவன் மனம் மாறி ரயிலேறி வருகிறான். நிறைமாதக்காரி சத்தம் கேட்டு எழுந்து வந்து வாசலில் நிற்கிறாள். முற்றும். அவ்வளவுதான். நான் அந்தப் பக்கத்தை மார்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் படுத்திருந்தேன். பயம் கொஞ்சம் விட்டிருந்தது. பின்னட்டையைத் திருப்பினால் சிவப்புத் தையல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பச்சை. அவற்றின் அருகே துணியில் பொடிப்பொடியாக ஊசித் துளைகள் இருந்ததைப் பார்த்தேன். பிரித்துத் திரும்பத் தைத்ததில் மாறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். நானும் ஒரு பச்சைத் தையல் போட்டேன்.

ஐப்பசியில் மகள் பிறந்தாள். திரும்ப வேலைக்குப் போனதும் அந்த முடிவைப் பற்றி நான் பேசிய பேச்சு இருக்கிறதே! "எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவருதான் எழுத்தாளர். இன்னொரு ஆளா இருந்தா பிரசவம், பேர்வைப்புன்னு இழுத்திருப்பாவ" என்று ஆசிரியர் அறையில் பிரசங்கமே செய்தேன். எல்லோரும் சோற்றைப் பார்த்துக்கொண்டு "ஆமா, ஆமா" என்றார்கள். என் ரசனைக்கு எல்லோரும் தலைவணங்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மகளுக்கு ஒன்றேமுக்கால் வயது ஆனபோது, குற்றாலத்தில் சீசனுக்கு அந்த எழுத்தாளரே வந்திருப்பதாகத் தெரிந்தது. பங்களா ஒன்றில் தங்கியிருந்தார். சனிக்கிழமை போய்ப் பார்ப்பது என்று நான் தீர்மானித்துவிட்டேன். அக்காவுக்கு அன்று பார்த்துத் தலைவலி வந்தது, பிறகு விருந்தாள் வந்தார்கள், கடைசியில் "சரி, வாரேன். ஆனா புத்தகத்த எடுக்காத, சாரல்ல நனஞ்சிரும்" என்றார். நான் அதைப் பிள்ளையின் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எழுத்தாளர் அருவியில் குளித்துவிட்டு, தலையில் எண்ணெய் வாசனையோடு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வணக்கம் சொன்ன மறுநிமிடமே ஆரம்பித்துவிட்டேன். "சார், அவளை வாசல்ல நிக்கவச்சு முடிச்சீங்களே, அதப் படிச்சிட்டுத்தான் நான் தைரியமா பிள்ளை பெத்தேன். இந்தா, இவதான்." அவர் என்னைப் பார்த்தார். "வாசலில் நிற்கவைத்தா?" என்றார். நான் புத்தகத்தைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தை நீட்டினேன். 'முற்றும்' என்ற சொல்லின் மேல் கட்டை விரலை வைத்து மெல்லத் தடவினார். புத்தகத்தைத் திருப்பிப் பச்சைத் தையல்களைப் பார்த்தார். பிறகு என் இடுப்பிலிருந்த பிள்ளையை. அக்கா சுவரோரமாக நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைத் தைத்தது யார்?"

"இந்த அக்காதான் சார்."

பேனாவைக் கேட்டு வாங்கி, 'முற்றும்' என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். "அப்போது எனக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் மூன்று வாரத்து வேலை மிச்சமாயிருக்கும்" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய மனிதர்களிடம் சிரிப்பதுபோல் சிரித்துவைத்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, "மூணு வாரம்னா என்னக்கா?" என்று கேட்டேன். அக்கா சொல்லிவிட்டார். அந்த வாசலுக்குப் பிறகு மூன்று அத்தியாயங்கள் இருந்தன. மூன்றாவதில் அவள் பிரசவத்தில் செத்துப்போகிறாள். அவற்றைப் பிரித்தெடுத்து, 'தொடரும்' என்று இருந்த இடத்தில், வேறொரு கதையிலிருந்து 'முற்றும்' என்பதை வெட்டி ஒட்டியிருக்கிறார். சிவப்பு நூலையெல்லாம் பிரித்துவிட்டு, ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டுப் பச்சையில் போடச் சொல்லியிருக்கிறார். என் பிரசங்கத்தைக் கேட்டுச் சோற்றைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் ஒளிக்க விரும்பவில்லை. அவமானம் ஒருபுறம். அதைவிட, படிக்கிறவளுக்கு இன்னொரு படிக்கிறவள் செய்யக்கூடாததைச் செய்துவிட்டார் என்ற கோபம். "நுனிய மடிச்சதுக்கு ரெண்டு நாளு பேசாம இருந்தியளே. நான் எது வரைக்கும் படிக்கணும்னு முடிவு பண்ண நீங்க யாரு?" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

"யாருமில்ல. கத்தரிய வைக்க மனசு வராமத்தான் நாலு நாளு இழுத்தேன்" என்றார். "நீ நல்லா கோவப்படு. இடுப்புல பிள்ளைய வச்சிக்கிட்டு எங்கிட்டக் கோவப்படுதல்லா, எனக்கு அது போதும்."

பஸ்ஸில் தென்காசி வருமுன் என் மகள் அவர் தோளுக்குத் தாவிப்போய்த் தூங்கிவிட்டாள்.

இப்போது என் பேத்தி போனைத் திறந்து, படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று யாரோ போட்ட பட்டியலைக் காட்டுகிறாள். நல்ல பட்டியல்தான், நானே நாலைந்து அதிலிருந்து வாங்கிப் படித்திருக்கிறேன். ஆனால் அதைப் போட்டவருக்கு இவள் யாரென்று தெரியாது. இவள் எதைத் தாங்குவாள், எதைத் தாங்கமாட்டாள் என்று தெரியாது. எனக்குத் தெரிந்தவர்களுக்கு ஒரு புத்தகத்தைச் சொல்லுமுன் நான் இன்றும் கொஞ்சம் தயங்குகிறேன்.

குற்றாலம் போய்வந்த அடுத்த திங்கட்கிழமை, அக்கா அந்த மூன்று அத்தியாயங்களையும் என் மேசையில் வைத்தார். தனியாகத் தைத்து, அதே நீலக்கட்டத்தில் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோய், மகள் தரையில் விளையாடிக்கொண்டிருக்க, ஒரே மூச்சில் படித்தேன். அழுதேன். அழுகையை நிறுத்த முடியாமல் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஆனாலும் படிக்கிறவள் என்ற முறையில் மனசாட்சி விடவில்லை. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் போய், "வாசல் முடிவ விட இதுதான் நல்லாருக்கு. இவ்வளவு நல்லா எழுதுனதப் போயி வெட்டிட்டியளே" என்றேன்.

அக்கா டப்பாவைத் திறந்தபடியே சொன்னார்: "நல்லா எழுதியிருந்ததாலதாம்ட்டி வெட்டுனேன். மோசமா எழுதியிருந்தா அப்படியே குடுத்திருப்பேன்லா."