ஸ்டெப்னி மெஷின்

"அந்த ஓட்டை மெஷினா? ஓட வெச்சா நீயே எடுத்துக்கோடா" என்று அண்ணன் சொன்னது அண்ணி எதிரில்தான். அண்ணி அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். இதற்குப் பின்னால் ஒரு நாள் சாட்சி தேவைப்படும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தேவைப்பட்ட அன்றைக்கு அவர் பானை கழுவ எழுந்து போய்விட்டார்.

ஆரணியில் எங்களுடையது விறகுத் தொட்டி. பட்டு நூலுக்குச் சாயம் ஏறவேண்டுமென்றால் அண்டா கொதிக்க வேண்டும், அண்டா கொதிக்க விறகு வேண்டும். சாயப்பட்டறைக்காரர்களுக்கு நாங்கள்தான் போட்டுக்கொண்டிருந்தோம். எங்களுடையது என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். ஆரம்பித்தது இரண்டு பேரும், போர்டில் இருப்பது அண்ணன் பெயர். வண்டியோடு வந்து இறங்கும் புளியங்கட்டையையும் வேலிகாத்தானையும் துண்டு போடுவதற்கு அந்தக் காலத்தில் ஒரு செயின்சா, பெட்ரோலில் ஓடும் ரம்ப மெஷின், வாங்கினோம். அதைத் தினமும் பிடித்தவன் நான். பிறகு புதியது ஒன்று வந்தது. புதியதை அண்ணன் கையில் எடுத்துக்கொண்டார், என் கைக்குக் கோடாலி வந்தது. பழைய மெஷின் ஷெட்டுச் சுவரில் ஓர் ஆணிக்குப் போனது. ஆறேழு வருஷம் அங்கேயே தொங்கியது.

இந்த ஆடி மாதம் புதிய மெஷின் ஒரு வாரம் படுத்துவிட்டது. பட்டறைக்காரர்கள் வாசலில் வந்து நின்று பேஜார் பண்ணினார்கள். அப்போதுதான் அண்ணனுக்கு ஆணி ஞாபகம் வந்தது. "வண்டிக்கு ஸ்டெப்னி வெக்கிற மாதிரி இதுக்கும் ஒண்ணு வேணும்டா. அந்தப் பழச இன்னான்னு பாரு" என்றார். நான் அப்போதே கேட்டேன், "ஓட வெச்சா எனக்குத் தருவியாண்ணா? உனக்கு வேணும்ங்கும்போது நானே எடுத்துகினு வந்து அறுத்துக் குடுக்கறேன்." அதற்குத்தான் முதலில் எழுதிய அந்தப் பதில்.

எனக்கு அது எதற்கு என்பதை மறைக்க ஒன்றுமில்லை. ஒரு மெஷின் கையில் இருந்தால் தனியாகப் பிழைக்கலாம். முள்ளிப்பட்டில் தறிக்கொட்டகை ஓட்டின்மேல் சாய்ந்து கிடக்கும் கிளைகளை வெட்ட ஆள் தேடுகிறார்கள். சேத்துப்பட்டு ரோட்டில் வரப்பு மரம் வெட்டக் கூப்பிடுகிறார்கள். மெஷினோடு போகிறவனை "வாங்க" என்பார்கள், கோடாலியோடு போகிறவனை "வாப்பா" என்பார்கள். அண்ணன் தொட்டியில் அண்ணனிடமே கூலியாக இருந்து சாவதா, இல்லை நாலு ஊர் போய் மரம் வெட்டிச் சாப்பிடுவதா என்பதுதான் கேள்வி. என் மனைவி இதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "மொதல்ல அத்த ஓட வை" என்றாள்.

கீழே இறக்கிப் பார்த்தால், டேங்கில் விட்டுப்போன பெட்ரோல் பிசின் மாதிரி ஒட்டிக்கிடந்தது. பெட்ரோல் ட்யூப் தொட்டதும் முறுக்கு மாதிரி உடைந்தது. ஏர் ஃபில்டருக்குள் குளவி மண்கூடு கட்டி, குஞ்சு பொரித்து, காலி பண்ணிவிட்டும் போயிருந்தது. எங்கள் தொட்டியில் தனிக்குடித்தனம் போக முடிந்தது அந்தக் குளவிக்கு மட்டும்தான். செயினை டீசலில் ஊறப்போட்டேன். ஒவ்வொரு பல்லாக உருட்டு அரத்தால் தீட்டினேன். கார்ப்ரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், புது ட்யூப், புது பிளக் போட்டேன். மெஷினின் மேலெல்லாம் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அண்ணன் அதை மறக்காமல் இறக்கி, பொட்டு வைத்து, பூ போட்டு, கற்பூரம் காட்டி, மறுபடி மாட்டிவிடுவார். ஒரு தரம்கூட ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துப் பார்த்ததில்லை. பக்தியைப் பார்த்து நான் மேல் பூச்சை மட்டும் துணியால் துடைத்தேன்.

கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்ற பிறகு பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஐந்து நிமிஷம் அருமையாக ஓடியது. பிறகு இருமியது, நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இழுத்தால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கார்ப்ரேட்டரில் கைவைத்தார், பிறகு காயிலைச் சந்தேகப்பட்டார், பிறகு என்னைச் சந்தேகப்பட்டார். பெட்ரோலோடு டூடி ஆயிலை நான் சரியாகக் கலக்கவில்லையாம். லோடு ஏற்றுகிறவர்கள் "டீ குடிக்க எறங்கிகினு கீது" என்று சிரித்தார்கள். அண்ணன் தினமும் வந்து, "இன்னாடா, ஸ்டெப்னி பஞ்சராவே கீது?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் குரலில் வருத்தம் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் அது நின்றதும் பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திருகினேன். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடிவிட்டு இழுத்தேன், ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டது. மூடியைக் கழற்றி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தேன். நடுவில் ஊசி முனை அளவு ஒரு ஓட்டை. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று போவதற்கான வழி அது. அதன்மேல் வருஷா வருஷம் வைத்த சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது. மூடி வட்டமாக, நெற்றி மாதிரி இருப்பதால் அண்ணன் பெரிய பொட்டை எப்போதும் அங்கேதான் வைப்பார். புதிய மெஷினுக்கும் வைப்பார்தான், ஆனால் அது மறுநாளே வேலைக்குப் போய்விடும், அதிர்வில் எல்லாம் உதிர்ந்துவிடும். வேலையில்லாமல் தொங்கியதுதான் அத்தனை வருஷத்து மரியாதையையும் சேர்த்து வைத்துக்கொண்டது. கும்பிட்டே மூச்சை அடைத்திருக்கிறோம்.

என் மனைவி வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். குத்தி எடுத்தேன். மஞ்சளும் சிவப்புமாகத் தூள் கொட்டியது. அதற்குப் பிறகு டேங்க் தீரும்வரை அது நிற்கவில்லை. அடிமரம் ஒன்றைத் துண்டு துண்டாகப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். "பரவால்லியே" என்றார். மெஷினைக் கையில் வாங்கி எடை பார்த்தார். பிறகு நேராகப் போய் ஆணியில் மாட்டினார்.

"ஓட வெச்சா எடுத்துக்கோன்னு சொன்னியேண்ணா."

"எங்கடா போவப் போவுது? மழ வருது, ஒண்ணு படுத்தா ஒண்ணு வாணாமா? இங்கயே கெடக்கட்டும். நம்ம வூட்ல உன்து என்துன்னு இன்னா கீது?"

இந்த வசனத்தை நான் ஆயுசுக்கும் கேட்டிருக்கிறேன். பொருள் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் இதைச் சொல்வார். நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் பானையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

ஆயுத பூஜை வந்தது. புதிய மெஷினுக்கு மாலை, பழையதற்கு ஒரு முழம் பூ. அண்ணன் சந்தனத்தைக் குழைத்து மூன்று விரலால் அள்ளினார். "மூடி மேல வெக்காதண்ணா, அது காத்து போற ஓட்டை, அது அடைச்சிகினுதான் இத்தினி நாளும் ஓடல" என்றேன். எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னேன். "எத்தினி வருஷமா வெக்கிறேன். சாமி காரியத்துல குறுக்கப் பேசாத" என்று சொல்லிவிட்டு, மூடியின் நட்டநடுவில், கட்டைவிரல் அழுந்த வைத்தார். நான் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பொரி கடலை வாங்கிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்தேன். அந்த வாரமே செய்யார் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது விடிவதற்குள் கம்பெனி பஸ்சுக்கு நிற்கிறேன். அங்கே எனக்குக் கீழே இருப்பவன் யாரும் இல்லை, மேலே இருப்பவர்களெல்லாம் என் மகன் வயது.

ஐப்பசி மழையில் புதிய மெஷின் பிஸ்டன் இறுகிப்போய் நின்றுவிட்டது. கல்யாண சீசன், பட்டறையில் நூல் காத்துக் கிடக்கிறது. நான் பஸ்சில் வரும்போது அண்ணன் போன் பண்ணினார். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை. "டேய், பழசு அஞ்சு நிமிசம் ஓடுது, நின்னுடுது. போவும்போது இன்னா பண்ணி வெச்சிட்டுப் போன?"

ஏற்கெனவே சொன்னதைத் திருப்பிச் சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் 'இன்னா பண்ணி வெச்சிட்டுப் போன' என்கிற கேள்விக்கு அந்தப் பதில் பொருந்தாது. "சந்தனம் வெச்சி நல்லா பூஜை போடுண்ணா. சாமி காரியம் ஏதாவது கொறையா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

குத்தலாகத்தான் சொன்னேன். மூன்று நாள் கழித்து அண்ணியை ரேஷன் கடையில் பார்த்துவிட்டு வந்து என் மனைவி சொன்னாள். அண்ணன் நிஜமாகவே வெள்ளிக்கிழமை மெஷினைத் துடைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, புதுச் சந்தனம் வாங்கி மூடி நிறைய அப்பிப் பூஜை போட்டாராம். இப்போது ஐந்து நிமிஷம்கூட ஓடவில்லையாம். தம்பி கண்ணு பட்டுவிட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம். மெஷின் மறுபடி ஆணிக்குப் போய்விட்டதாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு சோறு போட்டாள், பாதியில் தட்டை நகர்த்திவிட்டேன். நல்லா ஓடுகிற மெஷின் அது, நான் ஓட வைத்தது. குத்தி எடுக்க ஓர் ஊக்கு போதும். ஊக்கு இதோ இவள் வளையலில் இருக்கிறது, மெஷின் அங்கே பொட்டோடு தொங்குகிறது.