கொழுந்தனார் கொடுத்த ‘டைரக்ட்’

அடி அண்ணாமலையில் கிரிவலம் வருபவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறோம். பௌர்ணமி முடிந்தால் துவைத்த விரிப்புகள் மலையாகக் குவியும். போன பௌர்ணமிக்கு மறுநாள் பார்த்து, அவற்றை உலர்த்தும் டிரையர் சூடாகவில்லை.

கூப்பிடாமலே ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றார், வேங்கிக்காலில் இருக்கும் என் கொழுந்தனார்.

“ஃபியூஸ் போயிருக்கு அண்ணி. அத்த எடுத்துட்டு ஒயர ஒண்ணா முறுக்கி டைரக்ட் குடுத்துட்டேன்.”

“ஃபியூஸ் ஏன் போச்சு?” என்றேன்.

“உங்களுக்கு இன்னா தெரியும்? போய் காபி போடுங்க.”

பால் பொங்குவதற்குள் டிரையர் புகைந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். டிரையரின் வடிகட்டியை உருவிப் பார்த்தால், மெத்தை கனத்துக்குத் துணிப்பஞ்சு! காற்று போக வழியில்லாமல் சூடு ஏறியிருக்கிறது. தீப்பிடிக்காமல் தடுத்த ஃபியூஸைத்தான் அந்த மேதாவி பிடுங்கி எறிந்திருக்கிறார்.

மெக்கானிக்கை வைத்துப் புது ஃபியூஸ் போட்டாயிற்று. இப்போது ஒவ்வொரு முறையும் பஞ்சை எடுத்த பிறகே டிரையரைப் போடுகிறேன். கொழுந்தனார் வந்தால் காபி உண்டு. ஸ்க்ரூடிரைவரை மட்டும் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.